மூலையில் போட்ட முடிச்சு

"பிரியற மாதிரி தைக்கணும்னா வேற ஆளைப் பாருங்க அண்ணி. என் கைக்கு அது வராது."

இப்படித்தான் என் மேல் எரிந்து விழுந்தாள் என் நாத்தனார். நான் கேட்டது ஒன்றும் பெரிய குற்றமில்லை. அந்தப் பேனரின் மூலைகளை லேசாகத் தைத்துக் கொடு, ஒரு காற்றடித்தால் கிழிந்து விழட்டும் என்றேன்.

"கிழிஞ்சு விழுந்தா யாரு படிப்பா?"

"யாரும் படிக்க வேணாம். நீ உசுரோட இரு."

"வாயை மூடிக்கிட்டு காஜா எடுங்க."

என் புருஷனுக்கு ஒரே தங்கை. கட்டிக்கொண்டவன் இன்னொருத்தியோடு போனபோது, விட்டது சனியன் என்று சொல்லிவிட்டு ஒரு தட்டு சோறு கூடுதலாகத் தின்றவள். சட்டைக் கம்பெனியில் பல வருஷம் காலர் மட்டும் தைத்தாள். கம்பெனியை மூடியதும் பழைய மிஷின் ஒன்றை வாங்கி எங்கள் முன்னறையில் போட்டாள். என் புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் தைப்பாள், நான் காஜா எடுப்பேன், பொத்தான் வைப்பேன். மிச்ச நேரம் சண்டை போடுவோம்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லாரித் தார்ப்பாய். தார்ப்பாய் எப்போதும் மூலையில்தான் கிழியும். இவள் மூலையை மூன்றாக மடித்துக் கையால் தைத்து, கடைசியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி மிளகு அளவுக்கு ஒரு முடிச்சுப் போடுவாள். அது எந்தக் காற்றுக்கும் அசையாது. லாரிக்காரர்கள் அவளை முடிச்சக்கா என்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

கடலோரத்துத் தொழிற்சாலை தன் கழிவைக் குழாய் போட்டுக் கடலுக்குள் விடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்களுக்கு அதைச் சொன்னது எங்கள் பூனை. மீன் தலையைத் தின்றுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரம் விறைத்துக் கிடந்தது. அதே மீனின் நடுத்துண்டை நாங்கள் தின்று முடித்துக் கையும் கழுவியிருந்தோம். யார் முதலில் விழப்போகிறோம் என்று அன்று முழுக்க ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் விழவில்லை. அதற்குப் பிறகு குழாயை எதிர்க்கிறவர்கள் பேனர் தைக்கக் கொடுக்க வந்தபோது அவள் கூலி வாங்க மறுத்துவிட்டாள்.

நான் லேசாகத் தைக்கச் சொன்ன பேனரைத் தொழிற்சாலைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கட்டினார்கள். நீலத் துணி, வெள்ளை எழுத்து. காவலாளிகள் இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. கத்தியால் அறுத்துத்தான் இறக்கினார்கள். கட்டியவர்களில் ஒருத்தன் அகப்பட்டான். அவன் இரண்டு காலையும் உடைத்துப் பாலத்தடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ஒரு லாரிக்காரர் வந்து வாசலிலேயே நின்று சொன்னார்.

"முடிச்சக்கா, உங்க முடிச்சைக் கையில வச்சுக்கிட்டு கடை கடையா ஏறி இறங்கறாங்க. தச்ச ஆள் கிடைச்சா தைக்கச் சொன்னவங்க மொத்தப் பேரும் கிடைச்சுடுவாங்களாம். நாங்க வாயைத் தொறக்க மாட்டோம். நீங்க பாத்து இருங்க."

என்னத்தைப் பார்த்து இருப்பது? ஊரில் ஓடுகிற லாரியெல்லாம் அவள் முடிச்சைச் சுமந்துகொண்டுதான் ஓடியது. தெருவில் லாரிச் சத்தம் கேட்டாலே அவள் மிஷினை நிறுத்திவிடுவாள்.

ஒரு மத்தியானம் ஒருத்தன் வந்தான். தேய்த்த சட்டை, சென்ட் வாசனை, ரொம்ப மரியாதை.

"இந்தப் பேன்ட்டுக்கு ஓரம் மடிக்கணும்மா. மிஷின் வேண்டாம், கையால. இருந்தே வாங்கிட்டுப் போறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தான். அவன் சட்டைப் பையில் நீலத் துணி ஒரு துண்டு எட்டிப் பார்த்தது. நான் வாயில் வைத்திருந்த பொத்தானை விழுங்கிவிட்டேன்.

நான் உட்கார்ந்திருந்தது, தைத்து முடித்து மடித்து வைத்த தார்ப்பாயின் மேல். நாலு மூலையிலும் முடிச்சு.

"பெரியம்மா, குடிக்கத் தண்ணி கொஞ்சம் தர்றீங்களா?" என்றான் என்னைப் பார்த்து.

"அவங்களுக்கு முட்டி புடிச்சிருக்கு, எந்திரிக்க மாட்டாங்க. நான் தர்றேன்" என்று அவளே எழுந்து போய்க் கொண்டுவந்தாள். சொம்பிலிருந்து தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது. அவன் அதையும் பார்த்தான்.

ஓரம் முடிந்தது. அவள் விரல் பழக்கத்தில் நூலை ஒரு சுற்றுச் சுற்றியது, இரண்டாவதும் சுற்றியது. அங்கே நின்றது. இரண்டு சுற்றையும் அவிழ்த்து, முடிச்சே போடாமல் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

அவன் வாங்கி நூல் நுனியைப் பிடித்து இழுத்தான். மொத்த ஓரமும் சரசரவென்று பிரிந்து தொங்கியது.

"ஊர்லயே நல்ல கை உங்களோடதுன்னாங்க?"

"சொன்னவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சோ என்னமோ. காசு வேணாம் சார், வேற எங்கயாவது குடுத்துக்குங்க."

சிரித்தான். போகும்போது வாசலில் நின்று அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். அந்தப் பார்வை என் மடியில் வந்து நின்றது. பிறகு போய்விட்டான். நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பொத்தானை முழுங்கியதற்கு அவள் என்னைத் திட்டவே இல்லை. அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

கட்டிலுக்கு அடியில் அடுத்த பேனருக்கான துணி கிடந்தது. கொளுத்திவிடு என்றேன்.

"குழாயை மூடிட்டாங்களா அண்ணி?"

"உன் காலை ஒடிச்சா மூடிடுவாங்களா?"

"அவன் திரும்பி வருவான். அவன் வர்றதுக்குள்ள என் முடிச்சை நிறுத்தணும். தைக்கிறதை நிறுத்த முடியாது."

மறுநாள் முக்காடு போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, எவருக்கும் அவளைத் தெரியாத ஊருக்குப் போனாள். துணி மூலையில் பித்தளை வளையம் அடிக்கிற கைமிஷின் ஒன்றோடு வந்தாள். அதில் யார் அடித்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடித்துக் காட்டினாள். உறுதியாகத்தான் இருந்தது. அவள் முகம் மட்டும் செத்த வீட்டு முகம்.

கத்தரிக்காய்க்காரனிடமே கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறவள். பேரம் பேசினால் கடைக்காரனுக்கு முகம் ஞாபகம் இருக்கும் என்று, கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வளையத்தோடு சேர்த்து ஆயிரத்து நானூறு.