கடைசி நிறுத்தத்தில் கிடைத்தவை

பேருந்து நிலையத்தில் கழிப்பறைக்கும் டிக்கெட் கவுண்டருக்கும் நடுவே ஓர் அறை. வாசலில் ‘காணாமல் போன பொருள்கள்’ என்று பலகை தொங்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு டிரைவர்களும் கண்டக்டர்களும் வைத்த பெயர் ‘காணாமப்போன அக்கா’. முதலில் யார் சொன்னது என்று தெரிந்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். தெரியாததால் சிரித்துக்கொண்டாள்.

“அந்தக் கறுப்புக் குடை என்னுதும்மா” என்று கையை நீட்டினால் அவள் கொடுத்துவிட மாட்டாள். “அடையாளம் சொல்லுங்க” என்பாள். மேலுக்குத் தெரிகிற அடையாளம் செல்லாது. பிடியில் பல் பட்ட தடம், உள்பக்கம் போட்ட ஒட்டு என்று, வைத்திருந்தவருக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் பொருள் கைக்கு வரும், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அவளுடைய மூக்குக்கண்ணாடிக்கே அப்படி ஓர் அடையாளம் இருந்தது. இடது காதுப்பக்கத் திருகு விழுந்துபோய், பணிமனை எலக்ட்ரீசியன் செம்புக்கம்பி சுற்றிக் கொடுத்திருந்தார். புதுசு வாங்கச் சொன்னவர்களிடம், “ஏன், இதுல கண்ணு தெரியலையா?” என்று சண்டைக்குப் போவாள்.

அம்மா போனபின் தங்கையை வளர்த்தவள் அவள்தான். அந்தத் தங்கை ஒரு வருஷம் நோயில் படுத்துக் கிடந்தாள். அப்போது சுவர் காலண்டரில் இருந்த கடற்கரைப் படத்தையே பார்த்துக்கொண்டு, “எழுந்து நடந்தா அங்கதான்க்கா நடப்பேன்” என்பாள். ஒருநாள் எழுந்துவிட்டாள். கூட்டிப்போகிறேன் என்று கொடுத்திருந்த வாக்கை அக்காவும் மாற்றவில்லை.

பூங்காவில் காலாற நடக்கிற சமாச்சாரம் இல்லை அது. காட்டோர நிறுத்தத்தில் இறங்கி மரங்களுக்குள் பாதி நாள் நடக்க வேண்டும். அப்புறம் மணல்மேடுகள். காற்று அவற்றை இஷ்டத்துக்கு நகர்த்திக்கொண்டே இருப்பதால் நிலையான பாதை கிடையாது, குடிக்கத் தண்ணீரும் கிடையாது. அதைத் தாண்டினால் கடற்கரை, கடற்கரையில் ஒரு பாறைமுனை. கடல் வடிந்திருக்கும்போது அதன் அடியைச் சுற்றிப் போய்விடலாம். தண்ணீர் ஏறும்போது மாட்டினால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அலை. முனையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேருந்தின் கடைசி நிறுத்தம். அக்கா அலுவலக மேஜையில் வரைபடத்தையும் கடல் ஏறி வடியும் நேரப் பட்டியலையும் விரித்து, மூலைக்கொன்றாக யாரோ மறந்த டிபன்பாக்ஸ்களை வைத்து, பாறைமுனையை எப்போது தாண்டலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான், கடற்கரை வண்டியின் கண்டக்டர் ஒரு சிவப்புத் தொப்பியை வரைபடத்தின்மேல் போட்டார்.

“கடைசி ஸ்டாப் பெஞ்சுல கிடந்துச்சுக்கா.”

உப்பில் விறைத்த தொப்பி. அறுந்த நாடாவை யாரோ பச்சை நூலால் தைத்திருந்தார்கள். முந்தின வாரம் தங்கைக்கு வாங்கியதும் இதே மாதிரி சிவப்புதான். கடைக்காரன் ஊருக்கே இதைத்தான் விற்றிருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது தங்கை தொப்பியை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். “போட்டுப் பார்த்தேன், நாடா அறுந்துடுச்சுக்கா. வீட்ல பச்சை நூல்தான் இருந்துச்சு.”

அக்கா தொப்பியை வாங்கித் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்து ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் வந்தது. அடியில் நசுங்கல், உள்ளே ஈர மணல். தங்கையின் பாட்டில் வழவழவென்று இருக்கிறது என்ற தைரியத்தில் வீடு திரும்பினாள். மாடிப்படியில் என்னவோ உருளும் சத்தம். “அய்யோ, புதுசுக்கா!” என்று தங்கை நசுங்கிய பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். நசுங்கியதும் அடியில்தான்.

மூன்றாவது முறை அவளே சோதித்துப் பார்த்தாள். தங்கைக்கென்று ஊன்றுகோல் வாங்கி, பிடிக்கு அடியில் கத்தியால் சின்னதாக ஒரு பிறை கீறினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு நாள் கழித்துக் கண்டக்டர் ஒரு கோலைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். அவள் குனிந்து பார்த்தாள். பிறை இருந்தது, அதற்குள் உப்புப் படிந்திருந்தது. காலையில் அவள் கிளம்பும்போது வீட்டுக் கோல் கதவு மூலையில்தான் இருந்தது.

ஒருத்தர் உடம்போடு இருந்த சாமான்களெல்லாம் தனியாக வந்து சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலமாரிக்கு முன்னால் நின்று அழுதாள். அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். “அந்த ரூம்ல உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு எல்லாமே தொலைஞ்சதாத் தெரியுது.”

“வேண்டாம்டி. வேற எங்கயாவது போலாம்.”

தங்கையின் சிரிப்பு நின்றது. “படுத்துக் கிடந்தப்போ நான் செத்துருவேன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. நீ மட்டும்தான் எழுந்திருப்பேன்னு சொன்ன. இப்ப நீயே இப்படிப் பேசுறியே. நீ வரலேன்னா நான் தனியாப் போறேன்.”

பிடிவாதத்தை எங்கிருந்து கற்றாள் என்று கேட்க வேண்டியதே இல்லை, வளர்த்தவள் எதிரில்தான் நின்றாள். தங்கை சொன்னால் செய்வாள் என்றும் அவளுக்குத் தெரியும்.

புறப்படுகிற காலையில், பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா சொன்னாள்: “இந்தத் தொப்பி எனக்குக் கொடு. என்னுது தலையைப் பிடிக்குது.”

“உனக்குச் சிவப்பே பிடிக்காதே?”

“இப்பப் பிடிச்சிருக்கு. கோலையும் கொடு. பாட்டிலும்தான்.”

“விட்டா என்னையே மாத்திக்குவ போல” என்று தங்கை எல்லாவற்றையும் அக்கா பக்கம் தள்ளினாள். அக்கா சிவப்புத் தொப்பியை அழுத்திப் போட்டுக்கொண்டாள். பல நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. எதுவாக இருந்தாலும் இனி அது தன்னிடம் வரட்டும்.

வண்டி கிளம்பியது. டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்த கண்டக்டர் சட்டைப்பையைத் தடவினார். “நல்லவேளை, நீங்களே வந்தீங்க. நேத்துக் கடைசி டிரிப்புல அதே பெஞ்சுல இருந்துச்சு. ஆபீஸ் பூட்டியிருந்துச்சு, என்கிட்டயே தங்கிடுச்சு.”

ஒரு மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை, மறுபக்கம் மணல் உரசி வெளுத்திருந்தது. இடது காதுப்பக்கம் திருகுக்குப் பதிலாகச் செம்புக்கம்பி, பச்சைக் களிம்பு ஏறி.

அவள் கை தானாகத் தன் இடது காதுக்குப் போனது. கம்பி அங்கேயும் இருந்தது.

தொப்பியும் கோலும் பாட்டிலும் தங்கையுடையவை. ஆனால் அவற்றோடு போனவள் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. கழற்றிக் கொடுத்துவிடலாமா என்று கை தொப்பி வரைக்கும் போனது. தங்கை ஜன்னலில் முகத்தை வைத்து, காற்றில் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கையின் சாமான்களில் எதுவும் இனி அவள் கையில் இல்லை. தங்கை திரும்பி வருவாள். அக்கா கையைக் கீழே இறக்கினாள்.

“யாருதுக்கா அது?”

“யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க.” கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “இங்க பாரு, இடது காதுப்பக்கம் செம்புக்கம்பி. நல்லா ஞாபகம் வச்சுக்கோ.”

“நான் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்?”

“அந்த ரூம்ல கேப்பாங்கடி. அடையாளம் சொன்னாத்தான் கொடுப்பாங்க.”