மேஸ்திரியின் வலது பக்கம்

போன வாரம் நான் பாடம் எடுக்கிற நர்சிங் கல்லூரியின் ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணினோம். பீரோவின் அடித்தட்டில் சிவப்பு ரப்பர் ஷீட் ஒன்று சுருண்டு கிடந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு அடியில் விரிப்போமே, அது. உதறியதும் ரப்பரும் பவுடரும் பழைய மூத்திரமும் கலந்த வாசனை குப்பென்று அடித்தது. மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். இப்போது எல்லாம் ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடுகிற நீலத் தாள்தானே, பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும். எனக்கு ஓடத் தோன்றவில்லை. அந்த வாசனையோடு என் வெள்ளை கேன்வாஸ் ஷூ ஞாபகம் வந்தது.

அந்த ஷூவை நான் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தேன். எங்கள் தீவில் கராச்சர்மாவிலிருந்து காலை பஸ்ஸில் நெரிசலில் வரும்போது யார் மிதித்தாலும் சண்டைக்குப் போவேன். கண்டக்டர் என்னைப் பார்த்தாலே, 'ஜூத்தா வாலி ஆ கயி, ஹட்டோ', ஷூக்காரி வந்துட்டா, வழிவிடுங்க என்பார். அப்போது எனக்கு மூக்கு நுனியில் கோபம். நர்சிங் மூன்றாம் வருடம். நல்ல மாணவி என்று பெயர். உண்மையில் நான் நல்ல மாணவி இல்லை, மார்க் வாங்குகிற மாணவி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மேஸ்திரிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார், அதுவும் வாயைத் திறக்காமல்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து ஷாதிபூரிலேயே தங்கிவிட்டவர் அவர். மூளையில் ரத்தம் அடைத்து வலது கையும் காலும் விழுந்து எங்கள் வார்டுக்கு வந்தார். பேச்சும் போயிருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் பிழைத்துக் கிடந்தது. 'நாயே'. தண்ணீர் வேண்டுமென்றாலும் நாயே, மூத்திரம் வந்தாலும் நாயே, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து வணக்கம் சொன்னாலும் நாயே. நாங்கள் மருந்து ட்ராலிக்குப் பின்னால் ஒளிந்து சிரிப்போம். அவர் மனைவி செல்லக்கனி அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அவள் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் வீட்டாருக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பது மாணவிகளின் வேலை. சொல்லிக்கொடுத்ததை அவர்கள் நம் முன்னாலேயே திருப்பிச் செய்து காட்டவேண்டும், பக்கத்தில் மேடம் நின்று நமக்கு மார்க் போடுவார். நான் முந்தின நாளே சார்ட் வரைந்திருந்தேன். ஒரு மனித உருவம், வலது பாதி முழுக்கச் சிவப்பு. இந்தச் சிவப்புப் பக்கத்தில் உணர்ச்சி கிடையாது, வெந்நீர் பட்டாலும் தெரியாது, எறும்பு கடித்தாலும் தெரியாது, அதனால் கவனம் என்று ஸ்கேலை வைத்துத் தொட்டுத்தொட்டு விளக்கினேன்.

அக்கா அவருடைய காலை நீட்டி மடக்கிச் சரியாகச் செய்து காட்டினாள். பிறகு ஒரு சந்தேகம் கேட்டாள்.

"கிள்ளுனாக்கூடத் தெரியாதா பாப்பா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். மேடம் பார்த்துக்கொண்டிருந்தாரே. மேஸ்திரியின் வலது முன்கையைப் பிடித்து நன்றாகத் திருகிக் கிள்ளிக் காட்டினேன். கை போட்டது போட்டபடி கிடந்தது. "பாத்தீங்களா அக்கா?" என்றேன். மேடம் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். அன்றைக்கு வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க்.

இரண்டு மாதம் கழித்து ப்ரொஜெக்ட் வந்தது. படுத்துக்கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் படும் பாடு என்ன என்று விசாரித்து எழுதவேண்டும். இங்கிலீஷில் இருந்த படிவத்தை நாங்களே இந்தியிலும் தமிழிலும் மாற்றினோம். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். எனக்கு வந்த முதல் முகவரியே மேஸ்திரி வீடு.

ஷாதிபூர் மேட்டில் தகரக் கூரை போட்ட பழைய மரவீடு. முன்னறையில் இரும்புக் கட்டில், அதில் அவர். நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன். யாரைப் பற்றிக் கேட்கிறோமோ அவர் காதுபடக் கேட்கக்கூடாது என்ற சின்ன அறிவு எனக்கு மட்டுமல்ல, எங்கள் செட்டில் ஒருத்திக்கும் இருக்கவில்லை. அக்காவுக்கு முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. பாத்ரூமில் விழுந்ததாகச் சொன்னாள். படிவத்தில் பல்லுக்கு இடம் இல்லை, விட்டுவிட்டேன்.

நாலாவது கேள்வியோ ஐந்தாவதோ, அவள் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தாள். அவருடைய இடது கை அவள் கொண்டையைப் பிடித்தது. பிடித்து, முகத்தைக் கட்டில் கம்பியில் இடித்தது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. பல்லைக் கடித்துக்கொண்டு, நிதானமாக, ஆணி அடிக்கிற மாதிரி இடித்தார். அக்கா சத்தமே போடவில்லை. கைக்குழந்தையின் பிடியை விடுவிப்பதுபோல ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தலைமயிரை எடுத்துக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். புருவத்திலிருந்து ரத்தம் இறங்கியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவைப் பிடித்தபடி காத்திருந்து அடுத்த கேள்வியை வாசித்தேன். அவர்மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதா?

"ஒருபோதும் இல்ல," என்றாள் அக்கா, முந்தானையால் புருவத்தை அழுத்திக்கொண்டே. "போட்டுக்க பாப்பா."

போட்டுக்கொண்டேன். எல்லாக் கேள்விக்கும் ஒருபோதும் இல்லை. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். சுமையே இல்லாத குடும்பம் என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

படிவம் நிரப்பினால் மட்டும் போதாது, வீட்டுக்கு ஒரு வேலையாவது செய்துவிட்டு வரவேண்டும் என்று மேடம் சொன்னதால் மறுவாரம் திரும்பவும் போனேன். படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடலாம் என்று முடிவுசெய்து அக்காவை வெந்நீர் போடச் சொன்னேன். என் அருமை ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அவருக்கு அடியில் ரப்பர் ஷீட்டை விரித்து, ஒரு பக்கமாகப் புரட்டி லுங்கியை விலக்கினேன்.

வலது தொடை முழுக்கக் கன்றிப்போயிருந்தது. நீலம், பச்சை, மஞ்சள். நேற்று வந்தது, போன வாரம் வந்தது, அதற்கும் முந்தியது என்று தேதி போட்டுச் சொல்லலாம். வலது விலா, வலது அக்குள், வலது முழங்கைக்கு உள்பக்கம் எல்லாம் அப்படியே. இடது பக்கத்தில் ஒரு கீறல் கூட இல்லை. என் சார்ட்டில் சிவப்புக் கலர் எங்கே முடிந்ததோ அங்கேதான் காயங்களும் முடிந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா துண்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மறைக்கவில்லை.

"வலிக்காதுன்னு நீதான பாப்பா சொன்ன?" என்றாள். "அவருக்கு வலிக்காமத்தான் அடிக்கிறேன். பதினெட்டு வருசம், எனக்கு வலிக்காத எடமாப் பாத்தா அவரு அடிச்சாரு?"

அவளே தொடர்ந்து பேசினாள். டாலிகஞ்சில் கடை வைத்திருக்கும் மேஸ்திரியின் தம்பிக்குத் தெரிந்தால் அன்றைக்கே தன்னை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவான், போலீசில் கொடுத்தாலும் கொடுப்பான், மெயின்லேண்டில் தனக்கு ஒரே ஒரு அக்காதான், அவளும் அடுத்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள் என்றாள். என்னைக் கெஞ்சவில்லை. நிலவரத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் பார்த்ததை மேடத்திடம் சொன்னால் அவளுக்கு இந்தத் தீவில் நிற்க இடம் இல்லை. சொல்லாவிட்டால் அவர் உடம்பு. இருபது வயதில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. துண்டை நீட்ட அவள் குனிந்ததும் மேஸ்திரியின் இடது முஷ்டி அவள் வாயில் விழுந்தது. உடைந்த பல் உதட்டைக் கிழித்துவிட்டது. அக்கா ரத்தத்தை ஜன்னல் வழியாகத் துப்பினாள். உள்ளே போனாள். கொதித்த தண்ணீர்ப் பானையை இரண்டு பக்கமும் துணி வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள்.

"எந்தப் பக்கம் பாப்பா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. மருந்து எத்தனை வேளை என்று கேட்கிற குரல் அது.

நான் பாய்ந்து பானையைப் பிடித்தேன். இழுத்தாள், இழுத்தேன். பானை சரிந்து பாதி என் வெறுங்காலிலும் பாதி அவருடைய வலது காலிலும் கொட்டியது. நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் கூடிவிட்டன. மேஸ்திரி சத்தம் போடவில்லை. அவருடைய கால் தோல் வழன்று வந்துகொண்டிருந்தது, அவரோ கண்ணை அகல விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை இவருக்குத் தெரியவில்லை என்று அந்த எரிச்சலிலும் நினைத்தேன்.

தண்ணீரைக் கைதவறிக் கொட்டியது நான்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன். ப்ரொஜெக்ட் போயிற்று, ஒரு மாதம் வார்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்றார்கள், அப்பா வீட்டில் இரண்டு நாள் பேசவில்லை. எனக்கோ உள்ளுக்குள் பெருமை. ஒருத்தியின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்ட தியாகி நான்.

அந்தத் தியாகத்துக்கு ஆயுள் நாலு நாள். மேஸ்திரிக்கு டிரெஸ்ஸிங் செய்யும்போது, தடை இருந்தும், மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டு போனேன். மேடம் மேஸ்திரியின் கண்களை ஒரு துணியால் மூடினார். தான் தொடும்போதெல்லாம் இடது கையைத் தூக்கும்படி அவரிடம் நிதானமாகச் சொன்னார். பிறகு பஞ்சால் அவருடைய வலது பாதத்தைத் தொட்டார். இடது கை எழுந்தது. வலது தொடை. எழுந்தது. வலது முன்கை, நான் கிள்ளிய அதே இடம். எழுந்தது. தொடாமல் சும்மா இருந்தபோது எழவில்லை.

மேடம் மலையாளி, எங்களிடம் இந்தியில்தான் பேசுவார். "டெஸ்ட் கியா தா க்யா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் சோதிக்கவில்லை. கை அசையவில்லை, அதனால் உணர்ச்சியும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். கையை இழுத்துக்கொள்ள முடியாதவனுக்கும் வலிக்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் கிள்ளிய அன்று அவர் கண்ணில் நீர் வழிந்தது. முகம் கோணியவர்களுக்குச் சும்மாவே நீர் வழியும் என்று பஞ்சால் ஒற்றியெடுத்தேன். அந்த இரண்டு மாதமும், ஒவ்வொரு கிள்ளலும், ஒவ்வொரு அடியும், அந்த வெந்நீரும் அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. சொல்வதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு வசவு.

உங்களிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. அது தெரிந்த கணத்தில் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. வேண்டும் உனக்கு, நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. கம்பியில் இடிபட்ட அக்காவின் முகம் என் கண்முன் வந்தது. இரக்கம் பிறகு, ராத்திரி வீட்டில் என் கால் கட்டை மாற்றும்போது வந்தது.

மேடம் எல்லாவற்றையும் ஊகித்திருக்கவேண்டும். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் பேசவேண்டியது உன் வேலை என்று மட்டும் சொன்னார். நான் பேசவில்லை. அதற்குப் பிறகு அக்கா அவரை அடிக்கவும் இல்லை. என் கால் வெந்ததைப் பார்த்ததிலிருந்து கை வரவில்லை என்றாள். அவருடைய இடது கை மட்டும் கடைசிவரை தன் வேலையை விடவில்லை. ஏழெட்டு மாதத்தில் இன்னொரு அடைப்பு வந்து போய்ச்சேர்ந்தார்.

தம்பி வீட்டைக் காலிசெய்யச் சொல்ல, அக்கா சென்னைக் கப்பல் ஏறினாள். வழியனுப்ப ஜெட்டிக்கு நான் போயிருந்தேன். வரிசை நகரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல பாப்பா?"

"தெரிஞ்சிருக்காதுக்கா," என்றேன்.

நிம்மதியாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம். மெயின்லேண்டுக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் ராமநாதபுரம் வரை போய் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று கிளம்புவேன், மதுரையோடு திரும்பிவிடுவேன். இந்த வருடம் போயேவிட்டேன். அவளுடைய அக்காதான் வந்து கதவைத் திறந்தாள். செல்லக்கனி போய் நாலு மாதம் ஆகிறது என்றாள். உள்ளே கூட்டி உட்காரவைத்து, நான் யார் என்று தெரிந்ததும் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"சாகுற வரைக்கும் அவரப் பத்தித்தான் பேச்சு. அடிச்சேன், ஆனா நோகவிட்டதில்ல, நர்ஸுப் பாப்பாவக் கேட்டுப் பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நெசந்தானம்மா?"

நிஜந்தான் என்றேன்.

மேஸ்திரி இல்லை. அக்கா இல்லை. மேடம் ஓய்வு பெற்றுக் கேரளாவுக்குப் போனவர், அங்கேயே காலமாகிவிட்டார். ஷாதிபூர் மேட்டில் அந்த மரவீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பியிருக்கிறார்கள். என் மாணவிகள் இப்போது வீடு வீடாகப் போவது குறைவு, போனிலேயே கேள்விகளைக் கேட்டு நிரப்பிவிடுகிறார்கள், யாரையும் புரட்டிப் பார்ப்பதில்லை. நான் சொன்ன பொய் மட்டும், அதைக் கேட்கவேண்டிய ஆட்கள் எல்லாம் போன பிறகும், கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருக்கிறது.