திருப்பதியின் முப்பத்தைந்தாம் வயது

போடியில் ஏலக்காய் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த திருப்பதியின் அப்பா செத்தது முப்பத்தேழு வயதில். அண்ணன் வீரணன் செத்தது முப்பத்தாறில். இருவருக்கும் முதல் நாள் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. இரண்டு பேருமே சுமையோடு விழுந்தவர்கள். ஒரு தலைக்கு ஒரு வயது குறைகிறது என்றால் அடுத்தது எத்தனை என்று திருப்பதி யாரிடமும் கேட்டதில்லை. அவன் பிறந்தது 1949 ஜூன் 3. 1984 ஜூனில் முப்பத்தைந்து முடியும்.

வீரணன் விழுந்த அன்று திருப்பதியும் கூடத்தான் இருந்தான். குரங்கணிக்கு மேலே மலைப்பாதையில் சுமை இறக்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் "ஓய்!" என்று குரல் கொடுப்பான். பின்னால் வருகிறவன் "வந்தேன்!" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் முன்னவன் சுமையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். 1979 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமை, குரங்கணியிலிருந்து எண்ணினால் மூன்றாவது திருப்பத்தில் பதில் வரவில்லை. பீடி பற்றவைக்க நின்றிருப்பான் என்று நினைத்துத் திருப்பதி அடுத்த திருப்பம் வரை நடந்தான். அங்கேயும் பதில் இல்லை. திரும்பி ஏறிப் போனபோது வீரணன் நாற்பது கிலோ மூட்டைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தான். வாயில் பீடி இல்லை.

அதற்குப் பிறகு திருப்பதி மலைச் சுமையை விட்டுவிட்டு ஊருக்குள் ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்க வந்துவிட்டான். படுத்தால் இடப்பக்கம் சாய்ந்து படுக்க மாட்டான். நெஞ்சு அடிப்பது காதில் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். மனைவி சுருளியம்மாள் "என்னங்க?" என்றால், "கொசு" என்பான்.

மாரத்தான் என்ற சொல்லை அவனிடம் கொண்டுவந்தது சுருளியம்மாளின் அண்ணன் மொக்கச்சாமி. அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இன்னமும் மலைச் சுமைக்குப் போய்க்கொண்டிருந்தான். 1983 செப்டம்பரில் ஒரு நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

"மாப்ளே, ஓட்டம் வச்சிருக்காய்ங்க. போடியில கிளம்பி, தேனி தாண்டி, வீரபாண்டி போயித் திரும்பணும். நாப்பத்திரண்டு கிலோமீட்டரு. சனவரி இருபத்தாறு."

"அம்புட்டு தூரம் எவன் ஓடுவான்?"

"நாம ரெண்டு பேரும்தான். நீ உக்காந்து பயப்படுறதுக்கு ஓடிக்கிட்டே பயப்படு. உடம்புக்காவது நல்லது."

"ஓடுறப்ப விழுந்துட்டா?"

"நான் பின்னாலயே வர்றேன்ல? தூக்கித் தோள்ல போட்டுக்கிறேன். நீ ஏலக்காய் மூட்டைய விடக் கனமா என்ன?"

திருப்பதி இரண்டு நாள் யோசித்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டரைத் தாங்குகிற நெஞ்சு முப்பத்தைந்தையும் தாங்கத்தானே செய்யும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஒரு நினைப்புக்காகவே பெயர் கொடுத்தான். நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் 47 என்று சொல்லி அனுப்பினார்கள். மொக்கச்சாமிக்கு 48.

அக்டோபர் 3 முதல் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினார்கள். காலில் கேன்வாஸ் ஷூ. முதல் நாள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் முடியவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் மலையடிவாரத்து முந்தல் வரை போய்த் திரும்பினார்கள். டிசம்பர் 11 அன்று இருபத்தொன்பது கிலோமீட்டர். திருப்பதி முன்னால், மொக்கச்சாமி பின்னால். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் திருப்பதி "ஓய்!" என்பான். "வந்தேன்!" என்று கேட்டால்தான் அடுத்த கல்லுக்குப் போவான். பால்காரர்கள் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்கள். மொக்கச்சாமி அவர்களுக்கும் சேர்த்து ஒரு "வந்தேன்!" போடுவான்.

சில நாட்கள் பாதியில் திருப்பதி நின்றுவிடுவான். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்காருவான். முகம் வெளுத்திருக்கும்.

"என்ன மாப்ளே, இருக்கா போயிருச்சா?"

"படபடன்னு அடிக்குது மச்சான்."

"அடிக்கட்டும். அடிக்காட்டித்தான் சொல்லணும்."

இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் போயிற்று. ஆனால் ஓடுவதற்கு முன் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று நோட்டீசின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. திருப்பதிக்கு ஓட்டத்தைவிட அதுதான் பெரிய மலையாக நின்றது. நெஞ்சில் குழலை வைத்து ஒருவர் கேட்பார். கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் அவன் பயந்தான். ஊருக்குப் புதிதாய் வந்திருந்த டாக்டரின் வாசல் வரை இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பிவிட்டான்.

"விடு, நான் போறேன்" என்றான் மொக்கச்சாமி.

ஏலக்காய் எஸ்டேட்டில் இது புதிதல்ல. கங்காணி காலையில் பேர் வாசிக்கும்போது, காய்ச்சலில் கிடக்கிறவனுக்காக இன்னொருவன் குரல் கொடுப்பான். அன்றைய கூலி அவனுக்கு வீணாகாது. மறுவாரம் அவன் இவனுக்காகக் கொடுப்பான். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை.

1984 சனவரி 13, வெள்ளிக்கிழமை. மொக்கச்சாமி உள்ளே போய், திருப்பதி என்று பேர் கொடுத்தான். திருப்பதியின் வயதைச் சொன்னான், திருப்பதி வீட்டு விலாசத்தைச் சொன்னான். திருப்பதி எதிர்ச் சாரியில் டீக்கடை நிழலில் நின்றான். இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்த மொக்கச்சாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"சீட்டு அச்சாகலையாம். பொங்கல் கழிச்சு வரச் சொல்லிட்டாரு."

"நெஞ்சுல வச்சுப் பாத்தாரா?"

"பாத்தாரு, பாத்தாரு. எருமை மாதிரி இருக்கேன்னாரு. வா, டீ சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பொங்கல் முடிந்த கையோடு ஓடக் கிளம்பியபோது மொக்கச்சாமி சைக்கிளில் வந்தான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றான். திருப்பதி ஓட, அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டே "வந்தேன்!" சொன்னான். அப்போதும் திருப்பதிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தன் நெஞ்சையே கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அடுத்தவன் மூச்சு காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குச் சுருளியம்மாள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"ஏங்க, எங்கிட்ட ஏன் மறைச்சீக?"

"எதைய?"

"டாக்டரு வீட்டு கம்பவுண்டரு வந்தாரு. நெஞ்சுக்குள்ள வால்வு கெட்டுக் கெடக்காம். மதுரை பெரியாஸ்பத்திரிக்கு லெட்டரு குடுத்து நாலு நாளாச்சாம், போனீகளா இல்லையான்னு கேக்குறாரு. ஓடக் கூடாதாம். சுமை தூக்கவே கூடாதாம். திருப்பதி வீடு இதுதானேன்னு கேட்டுச் சொல்லிட்டுப் போறாரு!"

திருப்பதியின் கையிலிருந்த மூட்டை தூக்கும் கொக்கி கீழே விழுந்தது. இத்தனை வருடமாகக் காத்திருந்த சேதி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணன் ஒருக்களித்துக் கிடந்த கிடை கண்ணுக்குள் வந்தது.

பிறகுதான் நினைவு வந்தது. அந்த அறைக்குள் அவன் போகவே இல்லை. குழல் வைத்தது அவன் நெஞ்சில் இல்லை.

ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக அவன் பிற்பாடு நெடுநாள் கூசினான்.

"உங்கண்ணன் எங்கே?" என்றான்.

"காலையில ஜீப்புல குரங்கணி போயிட்டாக. மேல ரெண்டு சின்ன மூட்டை கெடக்குன்னு."

குரங்கணிக்கு அடுத்த ஜீப்பு எப்போது என்று கேட்டான். "லோடு சேந்தாத்தாண்ணே எடுப்போம். மூணு மணி ஆகும்" என்றான் டிரைவர். திருப்பதி சட்டையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தான். மணி பன்னிரண்டு ஐம்பது. "ஏங்க, ஓடக் கூடாதுன்னு சொல்றேன்ல!" என்று அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல அவனிடம் மூச்சு இல்லை, மனமும் இல்லை.

பதினாறு கிலோமீட்டர், அதுவும் உச்சி வெயிலில். முந்தல் வரை கால் தானாகப் போயிற்று. அதற்கு மேல் ஏற்றம். கல்லுக்குக் கல் வாய் தானாகத் திறந்து "ஓய்" என்றது. பின்னால் வெறும் ரோடு கிடந்தது. நெஞ்சு காதுக்குள் இடித்தது. இப்போது நின்றால் அங்கே ஒருவன் விழுந்துவிடுவான் என்று தோன்றியது. நிற்காவிட்டால் தானே விழுந்துவிடலாம் என்றும் தோன்றியது. நிற்கவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்குக் குரங்கணி டீக்கடை வந்தது.

"மொக்கச்சாமி எறங்கிட்டாரா?"

"பத்தரைக்கு ஏறுனாரு. இன்னும் காணோம்" என்றாள் கடைக்காரப் பேச்சி. "தண்ணியக் குடிய்யா, என்ன இப்படி எரைக்குது?"

அவன் குடிக்கவில்லை. மலைப்பாதையில் ஏறினான். முதல் திருப்பத்தில் "ஓய்!" என்றான். பதில் இல்லை. ஓடை இரைச்சல் மட்டும் கேட்டது. இரண்டாவது திருப்பத்தில் கத்தினான். பதில் இல்லை. அடுத்தது மூன்றாவது. நான்கு வருடம் ஐந்து மாதமாக அவன் கால் வைக்காத இடம். கண்ணை மூடிக்கொண்டுதான் கூப்பிட்டான்.

"ஓய்!"

பதில் வரவில்லை. அன்று பீடி என்று நினைத்து நேரத்தை விட்ட மாதிரி இன்று விடக் கூடாது என்று அடுத்த அடியை எடுத்து வைத்தான். மேலே எங்கோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, மெலிசாகக் கேட்டது.

"வந்தேன்..."

மொக்கச்சாமி மூட்டைகளை ஒரு பாறை மேல் இறக்கி வைத்துவிட்டு அதில் சாய்ந்திருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. திருப்பதியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"இன்னைக்கு... ஓட்டம் இங்கிட்டா?"

"மச்சான், டாக்டரு சொன்னத ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

"அந்தச் சீக்கு உம் பேருலல்ல எழுதியிருக்கு? எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். "சொன்னா நீ ஓட மாட்டே. இருபத்தாறு போகட்டும்னு பாத்தேன்."

"எந்த எழவுக்கு எனக்கு அந்த ஓட்டம்!" என்று சொன்ன திருப்பதி அப்போதுதான் அழுதான்.

இரண்டு மூட்டையில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு மற்றதைத் திருப்பதி தூக்கிக்கொண்டான். மொக்கச்சாமியை வெறுங்கையோடு முன்னால் நடக்க விட்டான். பின்னால் வந்தால் தன் கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துவிடுவான் என்று பயம். இரண்டு கிலோமீட்டர் இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை திருப்பதி, மொக்கச்சாமி மறைத்து வைத்திருந்த மதுரைக் கடிதத்தோடு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் கத்தினார். பிறகு கடிதத்தில் பெயரையும் வயதையும் அடித்துத் திருத்தினார். "நீயும் சட்டையைக் கழற்று" என்றார். குழல் நெஞ்சில் சில்லென்று பட்டது. அவர் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தார். "ஒன்றுமில்லை, போ" என்றார். மூன்றரை மாதம் அந்தச் சொல்லுக்காக ஓடியவன் அதைச் சரியாகக் காதில் வாங்கக்கூட இல்லை. மதுரை பஸ்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

சனவரி 26 காலை ஆறு மணிக்குப் போடியில் ஓட்டம் தொடங்கியபோது திருப்பதி மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தான். 47, 48 இரண்டு எண் அட்டைகளையும் யாரும் போய் வாங்கவில்லை.

மொக்கச்சாமிக்கு மாத்திரையும் மெதுவான நடையும் மட்டுமே விதித்தார்கள். 1985 ஜூன் 3, திங்கட்கிழமை, திருப்பதிக்கு முப்பத்தாறு முடிந்தது. அவன் பயந்த முப்பத்தைந்து தாண்டிவிட்டது. சுருளியம்மாள் ஒரு டம்ளர் பாயசம் வைத்தாள். அதற்கு மறுநாளும் இரண்டு பேரும் முந்தல் ரோட்டில் நடந்தார்கள். இப்போது முன்னால் போவது மொக்கச்சாமி. கல் வந்தால் குரல் கொடுக்க வேண்டியது அவன். சில கற்களில் மூச்சை இழுத்துப் பிடித்துக் குரல் எழுப்ப அவனுக்குச் சற்று நேரம் ஆகும். திருப்பதி பத்தடி பின்னால், வாயை மூடிக்கொண்டு, அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நடப்பான்.

"ஓய்!"

"வந்தேன் மச்சான்" என்பான். அடுத்த கல் வரைக்கும் அது போதும்.