என் பெயருக்கு எதிரே எழுதிய வரி

1910-ஆம் வருஷமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த வருஷம். பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பெண்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றில், புதுப் பிள்ளைகளைப் பரீட்சை செய்து எடுக்கும் நாள். நானும் என் அம்மாவும் போயிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது முடிய இரண்டே மாதம் இருந்தது. பன்னிரண்டு முடிந்த பிள்ளையை அங்கே சேர்க்கமாட்டார்கள். பரீட்சையோ வருஷத்துக்கு ஒரு தரம்தான். அன்றைக்கு விட்டால் எனக்கு அப்புறம் கிடையாது.

எங்கள் ஊர் கங்கைகொண்டானுக்குப் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் பருத்திக் காட்டுக்குப் போக வேண்டியதுதான். பருத்தி எடுப்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் வாசிப்பை விட வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அப்பாவிடம் ஒரு மாதம் மல்லுக்கு நின்றேன். "ஒரே ஒரு தரம் விடுங்கப்பா. கிடைக்கலேன்னா வாயத் தொறக்காம காட்டுக்கு வந்துருதேன்" என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் மனது வைத்தார்.

கோழி கூவக் கிளம்பி நடந்தே போனோம். ஆற்றுப் பாலத்தருகே அம்மா என்னை உட்கார வைத்து, பேன்சீப்பால் தலையை வறட்டு வறட்டென்று இழுத்தாள். "பேன் இருந்தாலே திருப்பி அனுப்பிருவாவளாம்ட்டி" என்றாள். அவள் சொன்னது சரிதான். பள்ளிக்கூடத்தில் முதல் பரீட்சையே தலைமுடிக்குத்தான் நடந்தது. ஓர் ஆயா ஒவ்வொருத்தியின் முடியையும் பிரித்துப் பார்த்தாள். அடுத்து பல்லும் கண்ணும். அதன் பிறகு சிலேட்டில் கணக்கு, தமிழில் சொல்லச் சொல்ல எழுதுவது, ஒரு துண்டுத் துணியில் ஓரம் மடித்துத் தைப்பது. எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் இங்கிலீஷ் வாசிப்பு. அதை மிஸ்ஸியம்மாவே கேட்பார். பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார அம்மாவை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அகலமான மேசைக்கு அந்தப் பக்கம் அவர். பக்கத்தில் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழ் டீச்சரம்மா. முன்னால் பெரிய பதிவேடு. கூட வந்தவர்களெல்லாம் வாசலோரம் தரையில் இருந்தார்கள்.

எனக்கு முன்னால் போன மூன்று பேரும் கிராமத்துப் பிள்ளைகள். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கூரையைப் பார்த்துக்கொண்டு பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தார்கள். ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழித்தார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அதுதான் வழக்கம். என் முறை வருவதற்குள் மிஸ்ஸியம்மாவின் முகம் சுண்டிப் போயிருந்தது.

நான் புத்தகத்தை வாங்கினேன். வாங்கின கையோடு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தேன். அறையில் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒரே ஓர் இங்கிலீஷ் புத்தகம். வாத்தியார் அதைத் தன் முன்னால் தரையில் விரித்து வைப்பார். பையன்கள் அவருக்குப் பின்னால் நின்று தோள் வழியாகப் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கம்தான் இடம். அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினாலும் அதே கதைதான். மூன்று வருஷமும் இங்கிலீஷ் எழுத்தை நான் தலைகீழாகவே பார்த்துப் படித்தவள்.

"ஏ பிள்ள, புஸ்தகத்த நேராப் பிடி" என்று டீச்சரம்மா வாங்கித் திருப்பிக் கொடுத்தார். நேராகப் பார்த்தால் எழுத்தெல்லாம் அசலூர்க்காரர்கள் மாதிரி நிற்கின்றன. திக்கினேன், திணறினேன். பொறுக்க முடியாமல் மறுபடி திருப்பிக்கொண்டு ஒரு பக்கத்தை மளமளவென்று வாசித்தேன். போச்சு. இவளும் மனப்பாடக்காரி என்று மிஸ்ஸியம்மா முடிவு கட்டிவிட்டார். புத்தகத்தை வாங்கி மூடினார். பேனாவை மையில் தொட்டு, பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே எழுதினார்.

"இந்தத் தடவ இல்லம்மா, போயிட்டு வாங்க" என்று டீச்சரம்மா வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

அம்மா வந்து என் தோளைத் தொட்டாள். "வாட்டி, போவோம். கேட்டாச்சு, இல்லன்னுட்டாவ."

நான் நகரவில்லை. அழுகை வந்தது என்று சொன்னால் அது பொய். கோபம்தான் வந்தது. காது இரண்டும் சுட்டன. தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். தெரிந்ததைத் தெரியாது என்று எழுத இவர் யார்?

"நான் வரமாட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றேன்.

"அடங்கு பிள்ள" என்றார் டீச்சரம்மா.

"தெரியும். அவுக இப்ப எழுதுனத வேணும்னா வாசிக்கேன்."

மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, மை காயாத அந்த வரியை விரலால் காட்டி, சத்தமாக வாசித்தேன்: "கேன் நாட் ரீட். பை ஹார்ட் ஒன்லி."

வாசிக்கத் தெரியாது, வெறும் மனப்பாடம். அதுதான் என்னைப் பற்றிய தீர்ப்பு.

அம்மா ஒன்றும் விளங்காமல் என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தாள். மிஸ்ஸியம்மா என்னைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஏதோ எழுதி, திருப்பாமல் அப்படியே என் பக்கம் தள்ளினார். உனக்கு இது யார் சொல்லிக் கொடுத்தது என்று இங்கிலீஷில் கேட்டிருந்தார். அதையும் வாசித்துவிட்டு, தமிழில் பதில் சொன்னேன்.

"எங்க ஊர்ல ஒத்தப் புஸ்தகந்தான். வாத்தியாருக்கு எதுத்தாப்ல இருந்து படிச்சேன்."

டீச்சரம்மா அதை மாற்றிச் சொன்னார். மிஸ்ஸியம்மா சிரிக்கவில்லை. தான் எழுதிய வரியை அடித்துவிட்டு, கீழே வேறொரு வரி எழுதினார். என்னைச் சேர்த்துக்கொள்வதாகவும், கிறிஸ்மஸுக்குள் புத்தகத்தை நேராகப் பிடித்து வாசிக்கப் பழகாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் டீச்சரம்மா சொன்னார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அடுத்த நாலு மாதம் அரிச்சுவடி வகுப்புக் குஞ்சுகளோடு உட்கார்ந்து, தலைவலியோடு முதலிலிருந்து படித்தேன். அந்தக் குட்டிகள் என்னை 'தலகீழ் அக்கா' என்று கேலி செய்யும். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நேராக வாசித்துக் காட்டினேன்.

மிஸ்ஸியம்மா இரக்கப்பட்டுச் சேர்த்தார் என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். இரக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. அத்தனை பேர் பார்க்கத் தன் தப்பைத் தானே அடித்து எழுதினார், அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கோபம் மட்டும் வராமல், அம்மா கூப்பிட்டதும் பேசாமல் திரும்பி நடந்திருந்தால், பருத்திக் காட்டில் எழுத்தெல்லாம் மறந்து, அவர் முதலில் எழுதிய வரி நாலைந்து வருஷத்தில் மெய்யாகவே ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது.