பினாயில் அத்தையும் வெள்ளைத் தெருவும்

முகம் கழுவாமல் தெருவில் நடந்தால் அத்தை விட்டுவிடுவாள். வாசல் கழுவாமல் கிடந்தால் விடமாட்டாள். அப்பாவின் அக்கா. தெருவே அவளைப் பினாயில் அத்தை என்றுதான் சொல்லும். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால் எனக்கு உதை விழும்.

கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒற்றை அறை. முன்பாதி இஸ்திரிக் கடை, பின்பாதி வீடு. இரண்டுக்கும் நடுவில் மாமாவின் கட்டில். மாமாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வருஷக்கணக்காகிறது. வாய் மட்டும் பழுதில்லை. கட்டிலை வாசல் பார்த்துப் போட்டிருந்ததால் போகிற வருகிற எல்லோரையும் வம்புக்கு இழுப்பார். சட்டை கொடுக்க வந்தவர்கள் அரட்டையில் மாட்டிக்கொண்டு, வந்த வேலையை மறந்துவிடுவார்கள். கடை ஓடியது அத்தையின் கையால் பாதி, மாமாவின் வாயால் பாதி. அந்த வாசலிலிருந்து அவரைப் பிரித்தால் ஆள் அடங்கிப் போய்விடுவார் என்பதுதான் அத்தைக்கு இருந்த ஒரே பயம். மற்றதற்கெல்லாம் அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பயப்படுவார்கள்.

மழைக்காலத்தில் கடல் ஏறினால் சாக்கடையும் அதுவும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். முழங்கால்வரை நிற்கும். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி மாமாவை மேலே ஏற்றிவிடுவாள். வடிந்த பிறகு சுவரில் பழுப்பாக ஒரு கோடு தங்கும். அந்தக் கறையைக் கண்டால் அவளுக்கு ஆகாது. முதலில் பிளீச்சிங் பவுடர், அப்புறம் பினாயில், அதற்கும் மசியவில்லை என்றால் சுண்ணாம்பு. நாலு பேர் துணி கொடுக்கிற இடம், சாக்கடை புகுந்த வீடு என்று தெரிந்தால் எவன் கொடுப்பான் என்பாள். அதுவும் நியாயம்தான்.

கடலோரம் பெரிய சுவர் கட்டப்போகிறார்கள், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று அளக்க ஆள் வரும் என்று ஒரு வண்டி ஒலிபெருக்கியில் அலறிவிட்டுப் போனது. ஊரில் எல்லோரும் அந்தச் சுவரைக் கரை என்றே பேசினார்கள். அலுவலகத்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அத்தை வீடு வீடாக ஏறி இறங்கினாள். வருகிறவர்கள் நம் தெருவைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு போகக்கூடாதாம். சோம்பேறி வீடுகளுக்கு அவளே ஏணியோடு போனாள். அவர்கள் வருவதற்குள் தெரு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை.

வந்தவள் இளவயதுப் பொறியாளர். கையில் அளவுக் கம்பு. ஒவ்வொரு சுவராகக் குனிந்து குனிந்து கோடு தேடினாள். சுவரெல்லாம் பால் மாதிரி இருந்தது. கடைசியில் அத்தையிடமே கேட்டாள்.

"வீட்டுக்குள்ள தண்ணி எவ்வளவு வரும்மா?"

"அதெல்லாம் பெரிசா ஒண்ணும் வராதும்மா. கால் நனையும், அவ்வளவுதான்."

கட்டிலில் மாமா வாயைத் திறந்தார். அத்தை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குத் தெரிந்து மாமா வாயை மூடியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கொஞ்ச நாளில் வார்டு அலுவலகத்தில் வரைபடம் ஒட்டினார்கள். தண்ணீர் ஏறும் தெருக்கள் நீலம். எங்கள் தெரு வெள்ளை. நீலம்தான் கரைக்கு உள்ளே வரும், வெள்ளை வெளியே நிற்கும் என்று யாருக்கும் உறைக்கவில்லை. படத்துக்குக் கலர் அடித்ததோடு எங்கள் பூகோளப் படிப்பு முடிந்துவிட்டது. அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்து, நம்ம தெரு ஒன்றுதான் பளிச்சென்று இருக்கிறது என்று மாமாவிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

கரை கடலோரமாக வந்து, எங்கள் தெருமுனையில் மடங்கி, எங்களை வெளியே விட்டுவிட்டு ஊருக்குள் திரும்பியது. அதற்குப் பின் வந்த முதல் பெருமழையில் கடல் அந்தச் சுவரில் முட்டி முட்டிப் பார்த்து, அது முடிகிற இடத்தைக் கண்டுபிடித்தது. மதியச் சாப்பாட்டு நேரம். முன்பெல்லாம் மெல்ல ஊறி வந்த தண்ணீர் இந்த முறை ஓடி வந்தது. இடுப்பளவு. செங்கல் அடுக்க நேரமில்லை. கட்டில் ஒருக்களித்து மாமா தண்ணீரில் சரிந்தார். அத்தையும் பக்கத்துக் கடைத் தையல்காரரும் அவரை இழுத்து இஸ்திரி மேசைமேல் போட்டார்கள். சுருக்கமில்லாமல் தேய்த்து மடித்து வை என்றாராம் மாமா. தையல்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அத்தை அதைச் சொன்னதே இல்லை.

நனைந்தபடியே கிடந்ததில் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. மருத்துவமனையிலிருந்து விடும்போது, இன்னொரு தடவை நனைந்தால் இவர் தாங்கமாட்டார் என்றார் டாக்டர்.

அத்தை நேராகப் பொறியாளரைத் தேடிப் போனாள். துணைக்கு அப்பாவும் நானும் போனோம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நான்தாம்மா பொய் சொன்னேன். இடுப்பளவு வருது. நீங்க வர்றீங்கன்னு எல்லாச் சுவரையும் நான்தான் அடிக்க வெச்சேன். எங்களையும் உள்ள சேத்துக்கோங்க."

அந்தப் பெண் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, "கரை முடிஞ்சு போச்சும்மா. அடுத்த திட்டம் வந்தாத்தான். எப்பன்னு என்னால சொல்ல முடியாது" என்றாள்.

ரகரமும் றகரமும் எப்போதும் என்னைக் காலை வாரும். வாத்தியார் எத்தனையோ முறை திருத்திப் பார்த்தார். அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. கறையைத் துடைத்தோம், கரை போயிற்று.

எதிர்க் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு அறை கிடைத்தது. மாமாவை நாற்காலியோடு கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். படி முழுக்க அவர் ஒரு நக்கலும் அடிக்கவில்லை. அங்கே ஜன்னல் உயரம். கட்டிலிலிருந்து பார்த்தால் மின்விசிறியும் வானமும்தான். சட்டைக்காக யாரும் மூன்று மாடி ஏறுவதில்லை. அத்தையே இறங்கிப் போய் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறாள். தெருவில் தரைத்தள வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போனார்கள். பால்காரரும் போய்விட்டார்.

போன வாரம் நான் போயிருந்தபோது அத்தை ஜன்னலோரம் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே தெரு காலியாகக் கிடந்தது.

"யாரு போறது?" என்றார் மாமா.

அத்தை எட்டிப் பார்த்தாள். "பால்காரரு."

"சைக்கிள் மணி கேக்கலையே."

"மணி உடைஞ்சு போச்சாம்" என்று சொல்லிவிட்டு, தேய்த்த சட்டையையே மறுபடியும் தேய்த்தாள்.