கெர்ட்ரூட் டீச்சரின் மைலோ டின்

மலேசியாவில், யோங் பெங் ஊரில் கெர்ட்ரூட் டீச்சர் வீட்டுக்கு நான் வாரம் மூன்று நாள் போகிறேன். அவருடைய கணவர் சந்தனசாமிக்குப் பக்கவாதம். அவரைக் குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் என் வேலை. ஊட்டுவது மட்டும் டீச்சர். வேறு கை வந்தால் அவர் வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் டீச்சர் பள்ளி வேலையை விட்டார். இப்போது கூடத்தில் அல்ஜீப்ரா டியூஷன். கட்டிலில் கட்டிய மணி அடித்தால், பாதிக் கணக்கில் எழுந்து ஓடுவார்.

டியூஷனுக்கு வந்த யோகேஸ்வரி, பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கணக்கில் தோற்று, கையுறைத் தொழிற்சாலை லைனில் நின்றவள். மறுதேர்விலும் தோற்றால் தாதியர் பயிற்சி கிடையாது, அந்த லைன்தான் கடைசிவரை. அடைப்புக்குறியைக் கண்டால் உடனே உடைப்பாள், அதுவும் தப்பாக.

டீச்சர் படிக்க வருகிற எல்லாருடைய பேனாவையும் காலி மைலோ டின்னில் போட்டுவிடுவார். ஒரு கணக்குக்கு இரண்டு வழி வாயால் சொன்னால்தான் பேனா திரும்பக் கிடைக்கும்.

"அஞ்சு, அடைப்புக்குள்ள எக்ஸ் கழித்தல் மூணு. முப்பத்தஞ்சுக்குச் சமம். சொல்லு."

"அஞ்சு எக்ஸ் கழித்தல் மூணு..."

"மூணை யாரு பெருக்குவா? பக்கத்து வீட்டுக்காரரா?"

"அலமாக், தப்பு! பதினஞ்சு, டீச்சர்."

"அது ஒரு வழி. இப்ப உடைக்காம பாரு. அடைப்பை ஒரு மூடின பெட்டியா நெனச்சுக்க. அஞ்சு பெட்டி முப்பத்தஞ்சு."

"ஒரு பெட்டி ஏழு." சற்று யோசித்தாள். "அப்ப எக்ஸ் பத்து. இவ்ளோதானா? இப்படிப் போட்டா மார்க் வெட்ட மாட்டாங்களா?"

"சரியா போட்டா ஏன்டி வெட்டப்போறாங்க?"

வேலை முடிந்து கண் சொருகச் சொருக வந்து படித்தாள். மாதக்கணக்கில் அந்த டின்னோடு சண்டை. தேறிவிட்டாள், பயிற்சிக்கும் இடம் கிடைத்தது.

ஜோகூர் பாருவில் பயிற்சியில் சேருகிற அன்று டீச்சரையும் அழைத்துப் போக வேன் கொண்டுவந்தாள்.

"எப்படி வருவேன்? மத்தியானம் அவர் சாப்பிடணுமே."

"நான் ஊட்டுறேன்" என்றேன்.

"திறக்க மாட்டார்க்கா."

யோகேஸ்வரி மைலோ டின்னை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "ரெண்டு வழி சொல்லுங்க டீச்சர். அப்புறம் முடியாதுன்னு சொல்லுங்க."

டீச்சர் சிரித்தார். "வாய் நீண்டு போச்சுடி உனக்கு."

"அவரையும் வேன்ல தூக்கிட்டுப் போலாம்லா."

"உக்கார முடியாது."

"அப்ப ஆன்ட்டி ஊட்டட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

டீச்சர் வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டினார். அவர் பழகட்டும் என்று நான் அப்போதே கஞ்சியோடு கட்டிலில் உட்கார்ந்தேன். சந்தனசாமி உதட்டை இறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்தார். காத்திருந்தேன். பசித்தால் திறப்பார், நான் பார்த்த நோயாளிகள் எல்லாரும் திறந்திருக்கிறார்கள்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டதும் அவருடைய நல்ல கை மணியை அடித்தது. நிறுத்தாமல் அடித்தது.

வேன் நின்றது. டீச்சர் செருப்போடே உள்ளே வந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்" என்றேன்.

"தெரியும்க்கா."

சந்தனசாமி வாயைத் திறந்தார். வெளியே வேன் டீச்சர் இல்லாமல் புறப்பட்டது.