சுந்தரம்பாளின் ஆறாவது நடை

சுந்தரம்பாள் ஐரோப்பா பார்க்கப் போனவள் அல்ல. ஜுபைதா மேடத்தின் குடை, தண்ணீர்ப் போத்தல், சர்க்கரை மாத்திரை, முழங்காலுக்குப் பூசும் தைலம் எல்லாம் ஐரோப்பா போயின; அவற்றைத் தூக்கிக்கொண்டு அவளும் போனாள்.

அது 2007ஆம் ஆண்டு, ஜூலை மாதம். துபாயில் வாசலில் கால் வைத்தால் செருப்பு இளகும் வெயில். ஜுபைதா மேடம் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற விதவை. ஜுமேராவின் மற்றப் பணக்கார வீட்டுப் பெண்கள் கோடைக்கு வெளிநாடு போனால் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். இவருக்கோ பழைய கல்லையும் சுவரையும் பார்த்தால்தான் சோறு இறங்கும். சுவிஸில் லுசேர்ன் என்ற ஏரிக்கரை நகரத்தைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு ஊரைச் சுற்றும் ஐந்து நடைகளுக்கு ஒரேயடியாகப் பதிந்துவிட்டார். முழங்கால் வலிக்காரிக்கு இந்த ஆசை எதற்கு என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

லுசேர்ன் என்ற பெயரைக் கேட்டதும் சுந்தரம்பாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கேதான் அவளுடைய தம்பி அரியரத்தினம் இருக்கிறான். 1986இல், இருபத்திரண்டு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து போனவன். அங்கே ஒரு சின்ன மீன் உணவகத்தில் சமையல்காரன். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்து இருபத்தொரு வருடம் ஆகிறது.

பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் என்றால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாத சங்கதி வேறு. 2000இல் ஊரில் அம்மா செத்தபோது சண்டையால் பாதை பூட்டு. இரண்டு பேருமே போக முடியவில்லை. செய்தி முதலில் துபாய்க்குத்தான் வந்தது. சுந்தரம்பாள் கராமா கடைத்தெருவில் டெலிபோன் கார்டு வாங்கி, தம்பி வேலை செய்யும் உணவகத்துக்கே அழைத்தாள். சொல்லி முடிப்பதற்குள் வெடித்து அழுதாள். மறுமுனையில் அவன், “சரி அக்கா. வைக்கிறன்” என்றான். வைத்தும் விட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பேசினார்கள், அம்மா செத்த கதையை மட்டும் அவன் எடுக்கவே இல்லை. இவளும் கேட்கவில்லை. குளிர் ஊரில் இருந்து இருந்து தம்பியின் நெஞ்சு விறைத்துப்போயிற்றா, இனி அவன் தன் தம்பிதானா என்ற கேள்வி ஏழு வருடமாக அவளைத் தின்றது. முகத்தை ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பினாள்.

மேடத்திடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டு வேலைக்காரியின் நிலைமை தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்க முடியும். முந்தின வருடம் மேடத்தின் மகன் ஈசாவுடைய நண்பன் வீட்டுப் பணிப்பெண், பாரிஸில் ரொட்டி வாங்கப் போனவள், திரும்பவே இல்லை. அதனால் புறப்படும் நாளன்று ஈசா, சுந்தரம்பாளின் பாஸ்போட்டை அம்மாவின் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தபடியே, “அங்கே உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா?” என்று கேட்டான். “மாஃபி” என்று சொல்லிவிட்டாள் இவள். ஒருவரும் இல்லையாம்! இனி உண்மை தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். பன்னிரண்டு வருட வேலையும் ஹலாஸ், அதோடு முடிந்தது.

ஆகவே போனில் தம்பிக்குத் திட்டம் மட்டும் சொன்னாள். “வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பழைய மரப் பாலத்தால வருவம். நீ ஒரு கரையா நில். கிட்ட வரக்கூடாது, கதைக்கக்கூடாது. உன்ர முகத்தை ஒருக்காப் பாத்தாப் போதும்.”

“ஓம் அக்கா” என்றான் அவன்.

நடைகள் திங்கட்கிழமை தொடங்கின. ஒரு நாள் கோட்டை மதில், ஒரு நாள் பாறையில் செதுக்கிய சிங்கம், ஒரு நாள் தேவாலயம், ஒரு நாள் ஏரிக்கரை. நெட்டையான வழிகாட்டிப் பெண் மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவாள். பின்னால் எட்டுப் பத்துச் சுற்றுலாக்காரர்களும் மேடமும். அவருக்குப் பின்னால், துபாயில் வெளியே போகும்போது உடுப்பதைப் போலவே, கறுப்பு அபாயாவும் தலையில் துணியுமாகச் சுந்தரம்பாள். ராஜாக்கள், சண்டைகள், வருடக் கணக்குகள் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆற்றைக் கடந்து போகும் கூரை போட்ட நீளப் பாலம் அது. வழிகாட்டி தலைக்கு மேலே இருந்த பழைய ஓவியங்களைக் காட்டினாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். சுந்தரம்பாள் மட்டும் முகம் முகமாகப் பார்த்தாள். தம்பி அனுப்பிய 1996 கல்யாணப் படத்தில் இருந்த சுருட்டைமுடிக்காரன், ஒல்லிப்பிச்சான், எங்கே? ஜப்பான்காரர்கள் போனார்கள். ஒரு காதல் சோடி போனது. வழுக்கைத் தலையும் தொந்தியுமாக ஒருவர் இவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். பாலம் முடிந்துவிட்டது.

அக்கரையில் தபால் வண்டி நின்றது, கடைகளெல்லாம் திறந்திருந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த நாட்டில் வெள்ளி வேலை நாள்! வெள்ளியென்றால் உலகத்துக்கே லீவு என்ற துபாய்க் கணக்கில் நாளைக் குறித்துவிட்டாள். மீன் உணவகத்தில் மத்தியானச் சமையல் நேரத்தில் அவன் எப்படி வருவான்? அப்படியே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். மேடம் நிற்கும்போது அவள் உட்கார்ந்தது பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

“என்ன உனக்கு?” என்றார் மேடம். தனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சுந்தரம்பாள் எல்லாவற்றையும் கொட்டினாள். பொய் சொன்னதையும் சேர்த்துத்தான்.

மேடத்தின் முகம் கடுகடுத்தது. “முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவள் நான். பொய் சொல்லும் பிள்ளையை எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமையிலிருந்து கறுத்த தலை கண்ட பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்புகிறாய். ஏன் என்னிடம் கேட்கவில்லை?”

“பயம், மேடம்.”

மேடம் தடியைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு, “கடைக்குப் பெயர் என்ன?” என்றார். கடிதம் எழுதி எழுதி மனப்பாடமான பெயரைச் சுந்தரம்பாள் சொன்னாள். அது இரண்டு சந்து தள்ளித்தான் என்றாள் வழிகாட்டி. “யல்லா!” என்று மேடம் தடியை ஊன்றி நடக்க, சுற்றுலாக்காரர்கள் மொத்தப் பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். இலவச வேடிக்கையை எந்த நாட்டுக்காரன் விடுவான்?

உணவகத்தின் பின்கதவைத் தட்டியதும் திறந்தவர் அதே வழுக்கைத் தலை, அதே தொந்தி. பாலத்தில் ஒதுங்கி நின்ற ஆள்! கையில் மீன் வெட்டும் கத்தி. கூட்டத்தைப் பார்த்து விழித்தார்.

“அரியம்?” என்றாள் சுந்தரம்பாள், சந்தேகத்தோடு.

“அக்கா?” அந்தக் குரலைத்தான் அவளுக்குத் தெரியும்.

“பத்தரை மணியில இருந்து பாலத்தில நிண்டனான் அக்கா! முதலாளியிட்டக் கெஞ்சி வந்தனான். சீலை கட்டின ஆளைத்தான் தேடினனான். ரெண்டு அரபிப் பொம்பிளையளோட ஒரு கூட்டம் வந்தது, விலகி வழி விட்டனான்.”

“அட பாவி, அது நானடா!”

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் கண்ணோரத்தில் கவனித்தாள், அவன் அழவில்லை. உள்ளே முதலாளி கத்தினார். “ஞாயிறு கடை பூட்டு அக்கா” என்று சொல்லி, மேடத்தைப் பார்த்தான்.

மேடத்துக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அந்தப் பார்வை புரிந்தது. “ஞாயிறு பத்திலிருந்து ஆறு வரை. நீ வராமல் போனால் ஈசாவிடம் ஏச்சு வாங்குவது நான்” என்று சொல்லி, கைப்பை ஜிப்பைத் திறந்து பாஸ்போட்டை எடுத்துச் சுந்தரம்பாளின் கையில் கொடுத்தார். “இது இல்லாமல் தெருவில் தனியாகத் திரியாதே.”

ஐந்து நடைகளுக்குப் பிறகு ஆறாவது நடை அரியரத்தினத்தினுடையது. அவன் ராஜாக்களைப் பற்றிச் சொல்லவில்லை. தை மாதப் பனியில் ரப்பர்ச் செருப்போடு வந்திறங்கிய ஸ்டேஷனைக் காட்டினான். விசா இல்லாத காலத்தில் பொலிசைக் கண்டு ஒளிந்த மூலையைக் காட்டினான். முதன்முதலாகக் கோப்பை கழுவிய ஹோட்டல், பிள்ளைகள் பிறந்த ஆஸ்பத்திரி. மத்தியானம் அவன் வீட்டில் மனைவி கையால் புட்டும் மீன் குழம்பும். சாயங்காலம் நாலு மணிக்கு, பூட்டிக் கிடந்த உணவகத்தின் பின்கதவைத் தன் சாவியால் திறந்து உள்ளே கூட்டிப் போனான். மூலையில், ஆள் உயரத்துக்குத் தடித்த இரும்புக் கதவு. மீன் வைக்கும் குளிர் அறை.

“அம்மா செத்த அண்டைக்கு நீங்கள் போன் எடுக்கேக்க எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டவை அக்கா. அழுகை தொண்டைக்கு வந்திட்டுது. போனை வைச்சிட்டு இதுக்குள்ள வந்து கதவைச் சாத்தினனான். இதுக்குள்ள கத்தினால் வெளியில கேக்காது.”

சுந்தரம்பாள் அந்த இரும்புக் கதவைத் தடவிப் பார்த்தாள். “திற, பாப்பம்” என்றாள்.

மீன் பெட்டிகளுக்கும் வெண்ணெய்க் கட்டிகளுக்கும் நடுவே, இரண்டு பேர் நிற்கத்தான் இடம். ஒரு நிமிடத்துக்குள் அவளுக்குப் பல் அடித்தது.

“குளிருதடா. எவ்வளவு நேரமடா நிண்டனி?”

“தெரியாது அக்கா. தேடி வந்து ஆக்கள் இழுத்துக்கொண்டு போகுமட்டும் நிண்டனான்.”

ஏழு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்திலேயே விழுந்தது. அவனுடைய வழுக்கைத் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “என்ர தம்பி, என்ர தம்பி” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவனும் சத்தமாக அழுதான். கதவைச் சாத்த இருவருக்கும் தோன்றவில்லை.